சைடு கவர் பாலிஷ்: இரண்டு மணி நேரம் பஃப் அடித்தும் வெயிலில் மங்கலாகவே தெரிகிறது

கிக்கர்_74 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். 1974-ல் வந்த ஜப்பான் வண்டி, இரட்டை சிலிண்டர். 18 வருடமாக ஓட்டாமல் நின்றது. என்ஜின் வேலை முடிந்துவிட்டது, இப்போது வெளித்தோற்றம்தான் பாக்கி.

என்ஜினின் இரண்டு பக்கமும் இருக்கும் அலுமினியக் கவர்களைக் கழற்றி, பென்ச் கிரைண்டரில் துணி வீல் மாட்டி, பழுப்பு நிறப் பாலிஷ் கட்டி வைத்து அடித்தேன். ஒரு கவருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஷெட்டுக்குள் பார்த்தால் பளபளப்பாகத்தான் தெரிகிறது. வெயிலில் கொண்டுபோய் வைத்தால் பனி படிந்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. பழைய கீறல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஆனால் அவையும் பளபளக்கின்றன. கிளட்ச் பக்கத்துக் கவரில் ஒரு பகுதி மட்டும் மஞ்சளாக இருக்கிறது, அதன் அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் போலக் கோடுகள். அங்கே எவ்வளவு அடித்தாலும் பளபளப்பு ஏறவில்லை.

வீல் சரியில்லையா, கட்டி சரியில்லையா? எதை மாற்ற வேண்டும்?

எமரி600 எழுதியது:

வீலும் கட்டியும் அப்படியே இருக்கட்டும். நீங்கள் நடுவில் இருந்து தொடங்கிவிட்டீர்கள்.

முதலில் அந்த மஞ்சள் பகுதி. 70-களின் ஜப்பான் வண்டிகளில் என்ஜின் கவர்களை பாலிஷ் செய்து, மேலே நிறமில்லாத லாக்கர் (வார்னிஷ் போன்ற பூச்சு) அடித்துத்தான் அனுப்பினார்கள். அது வயதாகி மஞ்சளாகும். எங்காவது ஒரு கல் பட்டு லாக்கர் உடைந்தால் அந்த ஓட்டை வழியாக ஈரம் உள்ளே போய், லாக்கருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் அரிப்பு நகர்ந்து போகும். நீங்கள் பார்த்த புழுத்தடம் அதுதான். இவ்வளவு நேரமும் நீங்கள் அந்த இடத்தில் லாக்கரைத்தான் பாலிஷ் செய்திருக்கிறீர்கள், உலோகத்தை வீல் தொடவே இல்லை.

பெயின்ட் ரிமூவர் ஜெல்லைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வையுங்கள். லாக்கர் சுருங்கி எழும்பும். மரத்துண்டாலோ பிளாஸ்டிக் துண்டாலோ வழித்து எடுங்கள், இரும்பு வேண்டாம். திறந்த வெளியில், ரசாயனம் தாங்கும் கையுறை போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. தோலில் பட்டால் சுடும், மூடிய அறையில் அந்த ஆவி ஆபத்து. லாக்கரை எடுக்கக் காஸ்டிக் சோடா நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது லாக்கரோடு அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்.

அடுத்தது கீறல்கள். பஃப் வீலால் கீறலை எடுக்க முடியாது. கீறலின் விளிம்பை மழுக்கி, பள்ளத்தையும் சேர்த்துப் பளபளப்பாக்கும், அவ்வளவுதான். "கீறல்களும் பளபளக்கின்றன" என்று எழுதினீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. கீறலை எடுப்பது உப்புத்தாள். பஃபில் இரண்டு மணி நேரம் போராடியும் போகாத கோடு, 320 எண் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட நைசு) பத்து நிமிடத்தில் போய்விடும்.

கிக்கர்_74 எழுதியது:

நன்றி. அப்படியென்றால் 320-ல் தொடங்கி எதுவரை போக வேண்டும்? ஒவ்வொன்றும் போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எமரி600 எழுதியது:

எந்த எண்ணில் தொடங்குவது என்பதைக் கீறல்தான் சொல்லும். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் 240 அல்லது 320. மாட்டவில்லை, கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்றால் 400, சில சமயம் 600-ஏ போதும். முடிந்தவரை நைசான தாளில் தொடங்குவது நல்லது. 240 போட்ட கீறலை எடுப்பதும் உங்கள் வேலைதான், மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் 320, 400, 600, 800, 1000 என்று ஒவ்வொரு படியாக. 320-லிருந்து நேராக 800-க்குத் தாவினால் நேரம் மிச்சமாகாது. 320-ன் கோடு 800-க்கு அடங்காது, கடைசியில் வீலில் வைக்கும்போது மறுபடி முகம் காட்டும். அப்போது திரும்பவும் 320-க்கே வர வேண்டும்.

போதுமா என்று தெரிந்துகொள்ள நான் செய்வது இது. ஒரு தாளில் மேலும் கீழுமாகத் தேய்த்தால், அடுத்த தாளில் இடம் வலமாகத் தேய்ப்பேன். முந்தைய கோடுகள் குறுக்கே தெரியும், அவை எல்லாம் மறையும்வரை அடுத்த தாளை எடுக்க மாட்டேன். வளைவான இடங்களில் மார்க்கர் பேனாவால் மேற்பரப்பு முழுவதும் கிறுக்கிவிட்டுத் தேய்ப்பேன். மை மிச்சம் இருக்கும் இடம் தாள் படாத பள்ளம்.

தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, ஈரமாகவே தேய்க்க வேண்டும். தாள் அடைக்காது, தூசும் பறக்காது. தாளை மாற்றும் ஒவ்வொரு முறையும் கவரையும் கையையும் கழுவி, தண்ணீரையும் மாற்றுங்கள். 320-ன் ஒரே ஒரு மணல் 1000-ல் ஒட்டிக்கொண்டால் மொத்த உழைப்பும் பாழ். இரும்பு நார் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, ஒரு மழைக்குப் பிறகு செம்புள்ளியாக எழும்பும்.

பழைய_வார்ப்பு எழுதியது:

எமரி600 சொன்னது எல்லாம் சரி. ஆனால் தேய்க்கத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் கவரைக் கையில் வைத்துப் பாருங்கள். அதில் உருவ எழுத்து இருக்கிறதா? விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது? சரிசெய்யவே முடியாத தவறு இந்த இரண்டில்தான் நடக்கிறது. கீறல் விழுந்தால் மறுபடி எடுக்கலாம். எழுத்தின் முனை மழுங்கிப் போனால் திரும்ப வராது.

தட்டையான இடங்களில் தாளை விரலால் பிடிக்காதீர்கள். விரல் அழுத்தும் இடம் பள்ளமாகும், பாலிஷ் ஆன பிறகு அலை அலையாகத் தெரியும். சின்ன மரக்கட்டையிலோ கடினமான ரப்பர்த் துண்டிலோ தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவில் மட்டும் விரல். எழுத்துகளைச் சுற்றி ஐஸ் குச்சி போன்ற மெல்லிய குச்சியில் தாள் ஒட்டித் தேய்க்க வேண்டும். பொறுமை வேண்டும், வேறு வழி இல்லை.

அடுத்தது, ஆயில் கசியாமல் கவருக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் உட்காரும் முகம். அதைத் தாளோ வீலோ தொடவே கூடாது. ஒரு பலகையில் கவரின் ஓட்டைகளுக்குச் சரியாகத் துளை போட்டு, கவரை அதில் திருகி முடுக்கிவிட்டு வேலை செய்யுங்கள். விளிம்பு உருளாது, பிடிக்கவும் வசதி. பளபளப்புக்கு ஆசைப்பட்டு விளிம்பை உருட்டிவிட்டு, அப்புறம் ஆயில் கசிகிறது என்று கேஸ்கெட் மேல் கேஸ்கெட்டாக மாற்றிக்கொண்டிருந்த ஒருவரின் வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வார்ப்பு அலுமினியத்தின் மேல்தோல் அடர்த்தியானது, உள்ளே போகப் போக நுண்துளைகள் இருக்கும். ஆழமான ஒரு கீறலை எடுத்தே தீருவேன் என்று தோண்டினால், கீறல் போய் ஊசிமுனைத் துளைகள் நூறு வெளியே வரும். துளை தெரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வீல்காரன் எழுதியது:

தாள் வேலை முடிந்த பிறகு வீலுக்கு வாருங்கள், அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

கட்டிங்குக்கு, அதாவது தாளின் கோடுகளை எடுக்க, சணல் நார் வீல் அல்லது நெருக்கமாகத் தைத்த துணி வீல், பழுப்புக் கட்டி. ஃபினிஷிங்குக்கு, அதாவது கடைசிப் பளபளப்புக்கு, தைக்காத தளர்ந்த துணி வீல், வெள்ளைக் கட்டி. கட்டியின் நிறம் தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறும் என்பதால் உறையில் எந்த உலோகத்துக்கு என்று போட்டிருப்பதைப் படியுங்கள். ஒரு வீலுக்கு ஒரே கட்டிதான். பழுப்பு வைத்த வீலில் வெள்ளையை வைத்தால் அது பழுப்பு வீல்தான். சணல் வீல் இருந்தால் 600-லேயே தாளை நிறுத்திக்கொள்ளலாம். கையாலேயே முடிக்கிறவர்கள் 2000 வரை போக வேண்டும்.

பலரும் கவனிக்காதது வேகம். நிமிடத்துக்கு 2850 சுற்று ஓடும் மோட்டாரில் 150 மி.மீ. வீல் போட்டால் அதன் விளிம்பு வினாடிக்குச் சுமார் 22 மீட்டர் ஓடும். அதே மோட்டாரில் 200 மி.மீ. வீல் போட்டால் கிட்டத்தட்ட 30 மீட்டர். சுற்று மாறாமல் வீல் மட்டும் பெரிதானாலும் வெட்டு வேகம் கூடும், சூடும் கூடும். வீலில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்றுக்கு மேல் போகவே கூடாது.

கட்டியை அரை வினாடி தொட்டால் போதும். அதிகம் வைத்தால் கவரில் கறுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டும். அது அழுக்கு இல்லை, மிஞ்சிய மெழுகு. அதைப் போக்க இன்னும் கட்டி வைப்பவர்கள்தான் அதிகம். செய்ய வேண்டியது, மரத்தில் அடித்த பழைய ரம்ப அலகு ஒன்றால் வீலை மெதுவாகச் சுரண்டிச் சுத்தம் செய்வது. கட்டிங் செய்யும்போது பொருளை வீலின் சுழற்சிக்கு எதிராக நகர்த்துங்கள், ஃபினிஷிங்கில் சுழற்சியோடு சேர்த்து, லேசாக. ஒரே இடத்தில் நின்றால் ஓட்டைகளுக்குப் பின்னால் வால்நட்சத்திரம் போல இழுப்பு விழும்.

ஸ்போக்_கம்பி எழுதியது:

வீல்காரன் சொன்னதோடு பாதுகாப்பையும் சேர்த்துப் படியுங்கள். இதை அனுபவப்பட்டவனாகச் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பிரேக் லீவர் ஒன்றைப் பஃப் செய்துகொண்டிருந்தேன். வீலின் மேல் பாதியில், லீவரின் முனை வீலைப் பார்த்தபடி வைத்தேன். துணி அந்த முனையைப் பிடித்தது. லீவர் கையில் இல்லை என்று புரியும் முன்பே தொடையில் அடித்திருந்தது. எலும்பு தப்பியது, ஆனால் ஒரு மாதம் நொண்டினேன். முகத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

பொருளை எப்போதும் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே பிடியுங்கள். பிடி நழுவினாலும் கீழ்நோக்கிப் போகும். விளிம்பைப் பாலிஷ் செய்யும்போது வீல் விளிம்பைத் தாண்டி வெளியே ஓட வேண்டும், விளிம்பின் மேல் ஏறி உள்ளே ஓடக் கூடாது. தொளதொளத்த சட்டைக்கை, மோதிரம், கழுத்தில் துண்டு எதுவும் கூடாது. முகக்கவசமும் தூசு மாஸ்க்கும் கட்டாயம். துணிக் கையுறை போட்டால் வீல் விரலோடு சேர்த்து இழுக்கும். சூடு தாங்கவில்லை என்றால் நிறுத்தி, தண்ணீரில் ஆறவிட்டுத் தொடருங்கள்.

வீல்காரன் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். கையுறை விஷயத்தில் மட்டும், இறுக்கமான மெல்லிய தோல் கையுறை போட்டு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் போடுவதில்லை.

துகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நுண்ணிய அலுமினியத் தூசு எரியும் பொருள். இரும்பைத் தீட்டும் கிரைண்டரிலேயே அலுமினியமும் பஃப் செய்யாதீர்கள். இரும்பின் துருவும் அலுமினியத் தூளும் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் இடத்தில் தீப்பொறி விழுந்தால், தண்டவாளத்தை உருக்கி இணைக்கப் பயன்படும் அதே வேதிவினைக்குத் தேவையான எல்லாம் அங்கே இருக்கிறது. வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்து, பஞ்சும் மெழுகும் கலந்த குப்பையை வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

டிராக்_நாள் எழுதியது:

ஒரு சின்னக் குறிப்பு. பழைய ரேஸ் வண்டிப் பாகங்களில் சில மக்னீசியம். அலுமினியம் மாதிரியே இருக்கும், தூக்கினால் வித்தியாசம் தெரியும். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியத்துக்கு 1.74. சந்தேகம் இருந்தால் மறைவான இடத்தில் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். நுரைத்தால் வீல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கிக்கர்_74 எழுதியது:

லாக்கரை எடுத்துவிட்டேன். புழுத்தடங்கள் லேசாகக் குழிந்திருக்கின்றன, 320-ல் பெரும்பாலும் போய்விட்டன. பலகையில் திருகி வேலை செய்வது பெரிய வித்தியாசம், பழைய_வார்ப்பு அவர்களுக்கு நன்றி.

இன்னொரு சந்தேகம். சைலன்சர், முன் மட்கார்டு, ஹேண்டில்பார் மூன்றிலும் குரோமில் பழுப்புப் புள்ளிகள். இதே முறையில் தாளும் வீலும் போட்டால் போகுமா?

மஞ்சள்_நிக்கல் எழுதியது:

வேண்டாம்! தயவுசெய்து தாளைக் கீழே வையுங்கள்.

அலங்காரக் குரோம் என்பது இரும்பின் மேல் நிக்கல் படலம், அதன் மேல் குரோம் படலம். நிக்கல் பொதுவாக 10 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலே உள்ள குரோம் 1 மைக்ரான்கூட இருக்காது. நாம் பளபளப்பாகப் பார்ப்பது பெரும்பாலும் நிக்கலின் வழவழப்பைத்தான். குரோம் அதற்கு நீல நிறச் சாயலும் காப்பும் தருகிறது. கட்டிங் கட்டியோடு வீலில் வைத்தால் குரோம் போய், மஞ்சள் கலந்த நிக்கல் வெளியே வந்துவிடும்.

பழுப்புப் புள்ளி குரோமின் துரு இல்லை, குரோம் துருப்பிடிப்பதில்லை. படலத்தில் உள்ள நுண்துளை வழியாக அடியில் இருக்கும் இரும்பின் துரு வெளியே கசிகிறது. உணவு பொதியும் மெல்லிய அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது என்பதால் கீறாது, துரு மட்டும் வந்துவிடும். கழுவி, நன்றாக உலர்த்தி, உடனே மெழுகு பூசுங்கள். மெழுகு அந்தத் துளைகளை அடைக்கும். புள்ளி இருந்த இடத்தில் ஊசிமுனை அளவு கறுப்பு மிஞ்சும், அதோடு வாழப் பழக வேண்டும்.

நகத்தில் மாட்டும் அளவு கொப்பளித்திருந்தால் பாலிஷால் ஆகாது. பழைய பூச்சை முழுக்க எடுத்து, இரும்பை மழமழவென்று பாலிஷ் செய்து, மறுபடி பூச்சு ஏற்ற வேண்டும். அது பூச்சுப் பட்டறையின் வேலை. குரோமிக் அமிலக் குளியல் புற்றுநோய் வரவழைக்கும் பொருள், வீட்டில் முயற்சி செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, பூச்சுக்குக் கொடுக்கும் முன் பாகத்தின் வடிவத்தை நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக் கொடுக்கலாம். நான் முன்பு ஒரு பட்டறையில் கொடுத்த மட்கார்டு பளபளவென்று வந்தது, ஆனால் நடுவில் ஓடும் மேட்டுக்கோடு பாதி காணாமல் போயிருந்தது. அவசரத்தில் முரட்டு வீலில் போட்டுத் தள்ளியிருந்தார்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயையும் சேர்த்துச் சொல்கிறேன். அது கடினக் குரோம், ஆயில் சீல் ஓடும் பரப்பு. அலங்காரமாக நினைத்துத் தேய்க்காதீர்கள்.

என் பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், எனக்கு நிக்கல் மேல் தனிப் பிரியம். குரோம் பூச்சு வண்டிகளுக்கு வந்தது 1920-களின் கடைசியில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் இருந்தது நிக்கல், சற்று மஞ்சளான, இதமான பளபளப்பு. 1922 வண்டிக்குக் குரோம் போட்டு நிறுத்தியிருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அந்த வண்டி பிறந்தபோது அப்படி ஒரு நிறமே அதற்குத் தெரியாது.

கிக்கர்_74 எழுதியது:

நல்லவேளை கேட்டேன். சரி, என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸையும், மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டையும் கவர் மாதிரியே பளபளப்பாக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் வேண்டாமா?

கண்ணாடி_என்ஜின் எழுதியது:

நான் செய்திருக்கிறேன், அழகாகவே இருக்கும். வண்டி உங்களுடையது. எல்லாம் ஒரே பளபளப்பில் இருந்தால் என்ஜின் ஒரே துண்டாகத் தெரியும், எண்ணெய்த் தூசியைத் துடைப்பதும் சுலபம்.

பழைய_வார்ப்பு எழுதியது:

வண்டி அவருடையதுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் தொழிற்சாலையில் கிராங்க் கேஸை வார்த்த நிலையிலேயே விட்டார்கள். மணல் மாதிரி மங்கலான உடல், அதன் மேல் பளபளக்கும் கவர். அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் கவரை எடுத்துக் காட்டுகிறது. எல்லாமே மின்னினால் கண்ணுக்கு நிற்க இடம் கிடைக்காது. தேய்க்கும்போது வார்ப்பு எண்களும் அச்சுக் குறிகளும் போய்விடும். என்ஜின் எண் பொறித்த தளத்தில் கை வைத்தால் சட்டச் சிக்கல் வேறு.

அதற்கு ஏற்ற முறை வேப்பர் பிளாஸ்டிங். தண்ணீரோடு நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலந்து பீய்ச்சுவார்கள். அழுக்கு போகும், வார்ப்பின் இயல்பான தோல் மிஞ்சும். என்ஜினை முழுக்கப் பிரித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஆயில் வழிகள், மரை ஓட்டைகள் ஒவ்வொன்றையும் வெந்நீரும் காற்றும் விட்டுக் கழுவுங்கள். உள்ளே தங்கிய ஒரு மணி பேரிங்கில் போய் உட்காரும்.

கண்ணாடி_என்ஜின் எழுதியது:

எண்ணைப் பற்றிச் சொன்னது சரி, என் வண்டியில் அந்தத் தளத்தை டேப் ஒட்டி மறைத்துத்தான் வேலை செய்தேன். மற்றதில் என் ரசனை வேறு, நான் செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

கிக்கர்_74 எழுதியது:

நான் வார்த்த நிலையிலேயே விடுகிறேன். கடைசிக் கேள்வி, பாலிஷ் முடிந்ததும் மேலே மறுபடி லாக்கர் அடிக்கலாமா, மெழுகு போதுமா?

எமரி600 எழுதியது:

மெழுகு. லாக்கர் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும், கண்ணாடி மாதிரி தேய்த்த பரப்பில் அதற்குப் பிடிமானம் குறைவு. ஒரு கல் பட்டால் போதும், நீங்கள் மூன்று நாள் தேய்த்து எடுத்த அதே புழுத்தடம் திரும்ப வரும்.

மஞ்சள்_நிக்கல் எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து. வாரம் ஒருமுறை துடைக்கிறவருக்கு மெழுகு நல்லது. கடல் காற்று படும் இடத்தில், மாதக்கணக்கில் தொடாமல் நிற்கும் வண்டிக்கு மெழுகு தாங்காது. நல்ல லாக்கரை ஒழுங்காக எண்ணெய் நீக்கிவிட்டு அடித்தால் பல வருடம் நிற்கும், என்னிடம் நிற்கிறது.

எமரி600 எழுதியது:

துடைக்காத வண்டிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இவர் அப்பா வண்டி, துடைப்பார் என்றே நினைக்கிறேன்.

எதைப் பூசினாலும் முதலில் பாலிஷ் மெழுகின் மிச்சத்தை எடுக்க வேண்டும். டால்கம் பவுடர் தூவி மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் மென்மையான சோப்பு. காரத்தன்மை அதிகமுள்ள, எண்ணெய் நீக்கும் டிகிரீசர் வேண்டாம், சில நிமிடத்தில் அலுமினியம் கறுத்துவிடும். அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு மறுபடி 600-லிருந்து தொடங்கியவர்கள் உண்டு.

கிக்கர்_74 எழுதியது:

மூன்று வார இறுதிகள் ஆகின. வலது கவர் முடிந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தேன், மேகம் தெரிகிறது! கீழ் ஓரத்தில் ஒரு காசு அளவு இடத்தில் நுண்துளைகள் வந்தன, அங்கே நிறுத்திக்கொண்டேன். புள்ளிகள் நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும். சைலன்சர் புள்ளிகளும் அலுமினியத் தாளில் போய்விட்டன, மட்கார்டு மட்டும் பூச்சுக்குப் போக வேண்டும்.

இடது கவரில்தான் கை ஓடவில்லை. கியர் லீவருக்கு மேலே, அப்பாவின் ஷூ உரசி உரசி லாக்கர் தேய்ந்து, அந்த ஓரம் மட்டும் லேசாகப் பள்ளமாகி இருக்கிறது. யாரும் பாலிஷ் செய்யாமலே வழவழப்பாக இருக்கிறது. அதைத் தட்டையாக்கத் தேய்க்க வேண்டுமானால் நிறைய எடுக்க வேண்டும்.

பழைய_வார்ப்பு எழுதியது:

தட்டையாக்காதீர்கள். அந்த வளைவை விரலால் தொடர்ந்து, 1000 தாளை மட்டும் போட்டு, தளர்ந்த துணி வீலில் முடியுங்கள். பள்ளம் அப்படியே இருக்கும், பளபளப்பு சுற்றியுள்ள இடத்தோடு சேர்ந்துவிடும்.

கிக்கர்_74 எழுதியது:

அப்படியே செய்கிறேன். கவர்களைத் திரும்பப் பூட்ட ஸ்க்ரூக்களைப் பார்த்தேன், பாதியின் தலை உருண்டிருக்கிறது.

வீல்காரன் எழுதியது:

ஜப்பான் வண்டியின் கூட்டல்குறி ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் (ஜப்பானின் தொழில் தரம்) அளவு. சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்னும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், உருண்டவற்றை மாற்றிவிடுங்கள். பூட்டும்போது மரையில் ஆன்டி சீஸ் (பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) கொஞ்சம் தடவுங்கள். இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்தில் ஈரத்தோடு உட்கார்ந்தால் அரித்துப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் விரலால் முடுக்கிவிட்டு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். புதிதாகப் பாலிஷ் செய்த கவரில் ஸ்க்ரூடிரைவர் வழுக்காமல் இருக்க, ஸ்க்ரூவைச் சுற்றி இரண்டு அடுக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.